கில் சுவிட்சை அணைத்தும் நிற்காத எஞ்சின்

பழைய டொயோட்டா ஸ்டார்லெட் காரின் வயரிங் முழுவதையும் கழற்றிவிட்டு, ரேஸுக்குத் தேவையானதை மட்டும் புதிதாக இழுத்து மூன்று மாதமாகிறது. இக்னிஷன் கொயில், பெற்றோல் பம்ப், ரேடியேட்டர் ஃபேன், ஸ்டார்ட்டர், பிரேக் லைட், இரண்டு வார்னிங் பல்ப். அவ்வளவுதான். கழற்றிய வயர்களில் எர்த் வயர் ஒன்றின் தோலை உரித்தபோது உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. தெஹிவளைக் கடற்காற்று தோலுக்குள்ளும் புகுந்துவிடும். அதனால் இந்த முறை ஒவ்வொரு முனைக்கும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போட்டுத்தான் மூடினேன்.

முதலில், எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் அல்டர்னேட்டர் வேண்டாம், பற்றரியிலேயே ஓடலாம் என்று இருந்தேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டு மீட்டரைப் பிடித்தால் 17 ஆம்பியர். கட்டுக்குருந்த ரேஸ் பாதையில் ஒரு ரேஸை அப்படி முடித்துவிடலாம். ஆனால் காலையில் பயிற்சி, பிறகு தகுதிச் சுற்று, பின்னேரம் ரேஸ் என்று போனால் வோல்ட் இறங்கிக்கொண்டே வரும், ஸ்பார்க்கும் பலவீனமாகும். சரி, பூட்டிவிடுவோம் என்று உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.

கிடைத்தது 60 ஆம்பியர் டென்சோ அல்டர்னேட்டர், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிற வகை. பின்னால் சார்ஜ் வெளியே வரும் தடித்த பி போல்ட் ஒன்று, எஸ், ஐஜி (திறப்பைப் போட்டால் கரண்ட் வரும் முனை), எல் (வார்னிங் பல்ப் முனை) என்று மூன்று பின் உள்ள சொக்கெட் ஒன்று. கடைக்கார நானா காசை எண்ணிக்கொண்டே சொன்னார்: "தம்பி, எல் வயருக்கு பல்ப் இல்லாம நேரா கரண்ட் குடுத்துராதீங்க. ரெகுலேட்டர் போயிரும்."

நான் அதைத்தான் செய்யவிருந்தேன். சார்ஜ் இல்லாத நேரத்தில் ரெகுலேட்டர் எல் முனையை உள்ளே எர்த்தோடு இணைக்கும். இடையில் பல்ப் இருந்தால் அது எரியும். இல்லாவிட்டால் முழுக் கரண்டும் ரெகுலேட்டருக்குள் பாயும். 12 வோல்ட் 3 வாட் இழை பல்ப் ஒன்று போட்டேன். ஐஜி இல்லாத பழைய வகைகளில் அந்த பல்ப் வழியாக வரும் சின்னக் கரண்ட்தான் சார்ஜையே தொடக்கிவைக்கும்.

எஸ் என்பது ரெகுலேட்டர் வோல்ட்டை அளந்து பார்க்கும் வயர். பலரும் அதைப் பக்கத்திலுள்ள பி போல்ட்டிலேயே கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். என் பற்றரி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஃபேன் ஓடும்போது நீண்ட வயரில் வோல்ட் குறைந்து, அங்கே 13.9 வோல்ட்தான் வந்தது. எஸ் வயரைப் பின்னுக்கு இழுத்து, பற்றரிக்குப் பக்கத்திலுள்ள கில் சுவிட்சில் (ஆபத்தில் காரின் மின்சாரத்தை ஒரேயடியாக வெட்டும் சுவிட்ச்) கட்டியதும் 14.2. பற்றரி முனையில் கட்டாததற்குக் காரணம் உண்டு: அங்கே கட்டினால், சுவிட்சை அணைத்தாலும் அந்த வயரில் கரண்ட் இருக்கும்.

அப்புறம்தான் உண்மையான பிரச்சினை. எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் வைத்துக்கொண்டு மச்சானிடம் கில் சுவிட்ச் கேபிளை இழுக்கச் சொன்னேன். டக் என்று சத்தம் கேட்டது. எஞ்சின் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பற்றரி துண்டிக்கப்பட்டுவிட்டது, ஆனால் கொயிலுக்கும் பம்புக்கும் அல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தது. விபத்தில் வெளியிலிருந்து ஒருவர் அந்தக் கேபிளை இழுத்தால், பெற்றோல் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நினைத்தபோது வயிறு கலங்கியது. திறப்பைத் திருப்பி நிறுத்தினேன்.

நான் வாங்கியிருந்தது இரண்டே போல்ட் உள்ள சுவிட்ச். ரேஸுக்கு வேண்டியது ஆறு முனைச் சுவிட்ச். இரண்டு பெரிய போல்ட் பற்றரிக்கு. அணைக்கும்போது விலகிக் கரண்டை வெட்டும் சின்ன ஜோடி ஒன்று. கொயிலுக்கும் பம்புக்கும் போகும் கரண்டை அதன் வழியாக ரிலே வைத்து எடுத்தேன். அணைக்கும்போது ஒன்றோடொன்று இணையும் இன்னொரு ஜோடி, அல்டர்னேட்டர் பக்கத்தை 3 ஓம் 11 வாட் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு விடும். சார்ஜ் ஓடும்போது பற்றரியை வெட்டினால் வோல்ட் ஒரே துள்ளலாக எகிறி டயோடுகளை எரித்துவிடும். அதை அந்த ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளும். வெள்ளைப் பீங்கான் கட்டி மாதிரி இருக்கும் அந்தச் சின்னப் பொருளை வீண் என்று விட்டுவிடாதீர்கள்.

போன சனிக்கிழமை மறுபடி இழுத்துப் பார்த்தோம். 2000 சுற்றில் ஒரு தடவை, 4000 சுற்றில் ஒரு தடவை. இரண்டு தடவையும் எஞ்சின் உடனே நின்றது, பம்ப் சத்தமும் கூடவே அடங்கியது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது பல்ப் அணைந்தது, மீட்டர் 14.2 காட்டியது.

இனி புல்லி. எஞ்சின் 7000 சுற்றில் ஓடும்போது இப்போதுள்ள சின்னப் புல்லி அல்டர்னேட்டரை 14,000 அளவுக்குச் சுற்றவைக்கிறது. அதைக் குறைக்கப் பெரியது ஒன்றை லேத்தில் கடையக் கொடுத்திருக்கிறேன், வரும் கிழமை கிடைக்கும்.