டெக்சாஸில் நம்ம புள்ளிமான்

டெக்சாஸில் இருக்கும் மச்சான் நேற்று போனில் மான் வேட்டையைப் பற்றிப் பேசினான். ஏடிவி என்கிற, காட்டுப்பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டியில் காட்டுக்குள் போனாலும், தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு நடந்துதான் போவானாம். சுட்ட மானைத் தூக்கிவரத்தான் வண்டி வேண்டும். ஒரு ஆண்மான் 70, 80 கிலோ வரும். எந்த மான் தெரியுமா? நம்ம புள்ளிமான்! 1932இல் அங்கே கொண்டுபோய் விட்டது, இன்று பெருகிக் கிடக்கிறது. லைசென்ஸ் இருந்தால் வருஷம் முழுக்கச் சுடலாம்.

எனக்கு மனசு ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் போய்விட்டது. இங்கே கண்மாய் வற்றினால் அதே மான் சீமைக்கருவைக் காட்டிலிருந்து தண்ணீர் தேடி ஊருக்குள் வருகிறது. நாய் கடித்தும் ரோட்டில் அடிபட்டும் சாகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களே, கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.