நாயும் புலியும்: நாய்களை எங்கே வைப்பது?

நாயும் புலியும் இருவர் கட்டத்தில் ஆடும் ஆட்டம்: புலி நாய்களை வெட்டப் பார்க்கும், நாய்கள் புலியை நகரவிடாமல் அடைக்கப் பார்க்கும். நாய்ப் பக்கம் எடுத்தவர் பெரும்பாலும் தோற்பது நகர்த்தும்போது அல்ல, வைக்கும்போதே. புலிக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்து ஒவ்வொன்றாகப் பறிகொடுப்பார்கள்.

கட்டம் இடத்துக்கிடம் மாறும். நான் சொல்வது 23 புள்ளிக் கட்டம்; தமிழ்நாட்டில் ஆடு புலி ஆட்டத்துக்குக் கீறுவதும் இதுதான். விறாந்தைச் சீமெந்தில் வெண்கட்டியால் கீறலாம். உச்சியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டில் முடியும். இடையில் மூன்று குறுக்குக்கோடுகள். அவை இருபுறமும் வெளியே நீளும்; அந்த நுனிகளைப் பக்கக்கோடுகள் இணைக்கும். 3 புலிக்குச் சோகி (சோழி), 15 நாய்க்குப் புளியங்கொட்டை. புலிகள் உச்சியிலும் முதற் குறுக்குக்கோட்டின் நடு இரண்டு புள்ளிகளிலும் நிற்கும். பதினைந்தும் இறங்கும்வரை நாய் நகராது. புலி நகரும், வெட்டும். ஒரே கோட்டில் ஒரு நாயைத் தாண்டி அடுத்த வெற்றுப் புள்ளியில் குதித்தால் வெட்டு.

கோட்டின் நுனியில் நிற்கும் நாயைத் தாண்ட முடியாது. அப்படிப்பட்ட புள்ளிகள் ஏழு: உச்சி, பக்கக்கோடுகளின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு நுனிகள். உச்சியில் புலி இருப்பதால் ஆறுதான் உங்களுக்கு. முதல் இரண்டு நாயையும் அடிக்கோட்டு நுனிகளில் வையுங்கள். புலி அடிக்கோட்டுக்கு இறங்க மூன்று நகர்வு வேண்டும், அதற்குள் இரண்டும் உட்கார்ந்துவிடும். பிறகு மூலைகள். அதன்பின் அடிக்கோட்டின் நடு இரண்டும் பக்கக்கோடுகளின் நடுவும் தாமாகவே பாதுகாப்பாகிவிடும், ஏனென்றால் குதித்து விழ இடமில்லை. புலி குறுக்கே வந்து உட்காராவிட்டால் பத்து நாய் ஒரு சேதமுமின்றி இறங்கும். மிச்சம் ஐந்தில் நான்கை மூன்றாங் குறுக்குக்கோட்டில் ஓரத்திலிருந்து உள்ளே நிரப்புங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் இருபக்கமும் வெட்டு விழும்.

வெட்டே விழாமல் பதினைந்தும் இறங்கினால் ஐந்து புள்ளிதான் வெறுமையாக இருக்கும். இனி ஆபத்து, நாய் போகும் இடத்தில் அல்ல, விட்டுப்போகும் இடத்தில். இரண்டாங் குறுக்குக்கோட்டின் ஓரத்தில் ஒரு நாய், அதையடுத்து இன்னொரு நாய், அதற்கப்பால் புலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்து நாயை மூலைக்கு ஏற்றிய உடனே நடுவில் நின்றது போய்விடும். கையை எடுக்குமுன் அந்தக் கோட்டைப் பாருங்கள்.

புலி எடுத்தால் மூலையில் தங்காதீர்கள். அங்கே உங்களை அடைக்க நான்கு நாய் போதும். உச்சியிலோ இரண்டாங் குறுக்குக்கோட்டின் நடுவிலோ நின்றால் எட்டு வேண்டும். இரண்டு புலியை அடுத்தடுத்து நிறுத்தினால் ஒன்றின் வழியை மற்றது அடைக்கும், நாய்க்கு அந்த வேலையும் மிச்சம்.