பார்ப்பவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்

சென்னையில் சமூக ஊடக விளம்பரத் தொழிலில் இருப்பதால், எந்த நிறுவனத்தின் பிரசாரம் எடுபடுகிறது, எது விரலால் தள்ளிவிடப்படுகிறது என்பதைக் கவனிப்பது என் அன்றாட வேலை. பார்ப்பவர் தானும் கலந்துகொண்டு செய்வதற்கு ஏதாவது இருக்கும் பிரசாரமே நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து.

2019-இல் ஸ்விகி நடத்திய ‘வாய்ஸ் ஆஃப் ஹங்கர்’ போட்டியை இதற்கு முதல் சான்றாகச் சொல்வேன். இன்ஸ்டாகிராமில் குரல் பதிவு அனுப்பினால், ஒலியின் ஏற்ற இறக்கம் சிறுசிறு கோடுகளாகத் திரையில் தெரியும். அந்தக் கோடுகள் கபாப் கம்பியைப் போலவோ அடுக்கி வைத்த பேன்கேக்கைப் போலவோ அமையும்படி குரல் எழுப்பி அனுப்ப வேண்டும். வென்றால் ஓராண்டுக்கான உணவுக் கூப்பன். இழுத்தும் நிறுத்தியும் கத்திப் பார்த்தால்தான் அது எவ்வளவு கடினம் என்று புரியும். ஒருமுறை முயன்றவர் மறுமுறை முயலாமல் விடமாட்டார். நட்சத்திரம் இல்லை, படப்பிடிப்பு இல்லை; எல்லோர் கைபேசியிலும் ஏற்கெனவே இருந்த ஒரு வசதியை விளையாட்டாக மாற்றியதுதான் அங்கே கற்பனை. கான் லயன்ஸ் எனும் சர்வதேச விளம்பர விருது விழாவில் அதற்கு விருதும் கிடைத்தது.

நட்சத்திரத்தை வைத்தும் இதைச் செய்யலாம். 2021 தீபாவளிக்கு கேட்பரி வெளியிட்ட விளம்பரத்தில், தன் கடையின் பெயரை ஷாருக் கானே சொல்வது போன்ற காணொலியைச் சிறு கடைக்காரர்கள் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு உருவாக்கிக்கொள்ள முடிந்தது. தன் கடைப் பெயர் ஒலிக்கும் காணொலியை எந்தக் கடைக்காரர்தான் வாட்ஸ்அப்பில் பகிராமல் இருப்பார்?

மக்களே தொடங்கிவைத்ததில் நிறுவனங்கள் போய்ச் சேர்ந்துகொள்வது இன்னொரு வகை. 2019 மே மாதம் முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், காண்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் எழுதப்போக, வடிவேலுவின் அந்தத் திரைப் பாத்திரத்துக்காக ட்விட்டரே பிரார்த்தித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் தலைக்கவசமோ பெயிண்டோ விற்பவருக்குப் பேச இடம் உண்டு. நகைக்கடைக்கு என்ன இடம்? அதோடு, இந்தச் சிரிப்புக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். பதிவுக்கான ஒப்புதல் நான்கு மேசைகளைத் தாண்டி வருவதற்குள் ஊர் அடுத்த பேச்சுக்குப் போயிருக்கும்.

பெரிய நிறுவனங்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்; தியாகராய நகரின் புடவைக் கடைகளிடமும் கற்க நிறைய இருக்கிறது. கைபேசி முன் ஒரு பெண் முந்தானையை விரித்து, ஜரிகையைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் காட்டி, சாயம் போகுமா என்று நேற்று யாரோ கேட்டிருந்த கேள்விக்கு இன்று பதில் சொல்கிறார். நேற்றைய கேள்வியே இன்றைய பதிவாகிவிடுகிறது. இதை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் இதே கடைகளில் பல, விலை கேட்டவரை மட்டும் ‘இன்பாக்ஸில் வாருங்கள்’ என்று அனுப்பிவிடுகின்றன. கூட்டிவந்த ஆளை வாசலிலேயே நிறுத்தும் பழக்கம் அது. விலையை வெளிப்படையாகப் போடுவதே நல்லது.

உணவகங்கள் இன்ஃப்ளூயன்சர்களை அழைத்து பிரியாணி பரிமாறிப் பாராட்டு வாங்குவதிலும் இதே வெளிப்படைத்தன்மை வேண்டும். பணமோ இலவசமோ பெற்றுப் போடும் பதிவில் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது, இந்திய விளம்பரத் தர நிர்ணய அமைப்பு 2021 ஜூன் முதல் நடைமுறைப்படுத்திய விதி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இந்தக் குறிப்பை ஹாஷ்டாக் கூட்டத்துக்குள் ஒளிக்காமல் முதல் வரியிலேயே போடும்படிதான் என் வாடிக்கையாளர்களிடம் வலியுறுத்துகிறேன். பார்வைகள் குறைந்துவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். குறைந்தாலும் பரவாயில்லை, போடுங்கள் என்பதே என் பதில்.