வரியும் சந்தையும்
இறக்குமதி வரி போட்டால் தொழிலாளி பிழைத்துக்கொள்வார் என்று ஒரு கூட்டம். எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டால் போதும் என்று இன்னொரு கூட்டம். பேச்சு மட்டும் இரண்டிலும் தொழிலாளி பெயரில்தான்.

2018-இல் அமெரிக்கா இறக்குமதி வாஷிங் மெஷின்களுக்கு வரி போட்டது. விலை ஏறியது, அது எதிர்பார்த்ததுதான். வேடிக்கை என்னவென்றால், வரியே போடாத, துணி உலர்த்தும் டிரையர் விலையும் ஏறியது! இரண்டையும் ஜோடியாகத்தானே வாங்குகிறார்கள், கம்பெனிகள் சும்மா விடுமா? உள்ளூர் கம்பெனிகளும் சேர்ந்தே ஏற்றின. புதிதாக வந்தவை ஏறத்தாழ 1,800 வேலைகள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு வேலைக்கு நுகர்வோர் கொடுத்தது வருடத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல். அதில் தொழிலாளியின் சம்பளம் எவ்வளவு இருக்கும், நீங்களே யோசியுங்கள்.

சரி, அப்படியானால் சந்தைக்காரர்கள் சொன்னது நடந்ததா? 2001-இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தபோது, சீன இறக்குமதியால் அமெரிக்காவில் வேலை போனவர்கள் வேறு ஊர், வேறு தொழில் என்று நகர்ந்துவிடுவார்கள் என்றார்கள். பலர் நகரவில்லை. வீட்டுக் கடனையும் வயதான பெற்றோரையும் விட்டுவிட்டு எங்கே போவது? ஐம்பது வயதில் யார் வேலை தருவார்கள்? இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கென்று 1962-இல் கொண்டுவந்த உதவித் திட்டம் ஒன்று இருந்தது. 2022-இல் அதையும் காலாவதியாக விட்டுவிட்டார்கள்.