சீட் கவருக்கு அடியில் புதைந்த லாக்

சென்ற தை மாதத்தில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகத் திருச்சியிலிருந்து மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் செல்வதற்கு ஏழு பேர் அமரும் வாடகைக் கார் ஒன்றைப் பேசியிருந்தோம். நடு வரிசையில் சன்னலோரமாக அமர்ந்து, தோளருகே தொங்கிய சீட் பெல்ட்டை இழுத்து இடுப்புக்குக் கொண்டுவந்தபோது, அதன் உலோக நாக்கை மாட்டுவதற்குரிய லாக் எங்கும் தென்படவில்லை. இருக்கையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை நுழைத்துத் தேடினேன். காய்ந்த கடலைத் தோலும், ஒரு ரூபாய் நாணயமும், நான்காக மடித்த சுங்கச்சாவடி ரசீதும் கிடைத்தன. சிவப்புப் பொத்தான் வைத்த அந்தச் சிறிய லாக், புதிதாகத் தைத்துப் போட்டிருந்த பழுப்பு நிறச் சீட் கவருக்கு அடியில், மேலே தடவினால் மட்டுமே கைக்குத் தட்டுப்படும் கட்டியைப்போலப் புதைந்து கிடந்தது.

“பின்னாடி யாரும் போட மாட்டாங்க மேடம். லாக்கு குத்துதுன்னு சொல்லுவாங்க, அதான் உள்ளே தள்ளி கவர் போட்டுட்டோம்” என்றார் ஓட்டுநர். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. கவரின் ஓரத்தைக் கழற்றி லாக்கை வெளியே எடுத்துத் தரும்படி நான் கேட்டபோது, தாம்பூலத் தட்டுகளோடு வாசலில் நின்ற உறவினர்கள் நல்ல நேரம் முடிந்துவிடும் என்று அவசரப்பட்டார்கள். அம்மாவோ ஓட்டுநரின் மனம் நோகுமே என்று கவலைப்பட்டு, “தம்பி பாத்துத்தான் ஓட்டுவாரு, நீ பேசாம உக்காரு” என்று என் கையைப் பிடித்து அழுத்தினார்.

சீட் பெல்ட்டைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் எண்ணம் முழுவதும் அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒருவர் ஓட்டும் காரில் ஏறிப் பின்னிருக்கையில் பெல்ட்டை மாட்டுவது, அவருடைய திறமையில் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வதைப்போல் படுகிறது. முன்னிருக்கையில் அமர்பவர் மாட்டினால் அது போலீசுக்காக என்று எல்லோரும் எடுத்துக்கொள்வதால் அங்கே இந்தச் சங்கடம் எழுவதில்லை. தொலைவில் காக்கி உடுப்பைக் கண்டதும் பெல்ட்டை இழுத்து மடிமேல் பிடித்துக்கொண்டு, அவ்விடத்தைக் கடந்ததும் கையை விட்டுவிடுகிறவர்களை, என் சக ஆசிரியர்கள் உட்பட, எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் மற்ற காரியங்களில் மிகவும் பொறுப்பானவர்கள். பெல்ட் என்பது தமக்கும் காவல்துறைக்கும் இடையே உள்ள ஒரு கொடுக்கல் வாங்கல் என்றுதான் அவர்கள் மனத்தார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கள் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதை இங்கே எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

2017ஆம் ஆண்டு என் சித்தப்பாவும் சித்தியும் மதுரையில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துவரங்குறிச்சியைத் தாண்டி, நான்குவழிச் சாலையின் நடுத் தடுப்பில் விடப்பட்டிருந்த இடைவெளி வழியாக ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்ததால் முன்னால் சென்ற லாரி பிரேக் அடித்தது. இவர்களுடைய கார் அதன் பின்புறத்தில் மோதியது. பெரிய வேகம் இல்லை, கார்கூட அடுத்த மாதமே பழுது பார்க்கப்பட்டு ஓடத் தொடங்கிவிட்டது. முன்னிருக்கையில் இருந்த சித்தப்பா அபராதத்துக்குப் பயந்து பெல்ட் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்த சித்தி போட்டிருக்கவில்லை. மோதிய கணத்தில் சித்தி முன்னிருக்கையின் சாய்மானத்தில் போய் மோதியதில் அவருடைய வலது தோளெலும்பும் கீழ்த்தாடையும் முறிந்தன. அந்த விசையில் சாய்மானமே முன்பக்கம் வளைந்து, பெல்ட்டுக்கும் அதற்கும் நடுவே நெருக்கப்பட்ட சித்தப்பாவின் விலா எலும்புகளில் இரண்டு விரிசல் கண்டன. சித்தியால் இன்றுவரை வலது கையைத் தலைக்குமேல் தூக்கிப் பின்னல் போட்டுக்கொள்ள முடிவதில்லை. காலையில் சித்தப்பாதான் சீப்பை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிப்பவள் என்பதால் இந்த விபத்து என்னை வேறொரு விதத்திலும் உறுத்தியது. ஓடும் பேருந்து திடீரென்று நின்றால் பயணிகள் முன்னோக்கிச் சாய்வது ஏன் என்ற கேள்விக்கு, நிலைமம், அதாவது ஓடும் பொருள் அதே வேகத்தில் தொடர்ந்து செல்ல முனையும் தன்மை, என்ற சொல்லை அடிக்கோடிட்டு என் மாணவர்கள் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் அந்த விடையைக் காரில் அமரும் தம் உடலோடு சேர்த்துப் பார்க்க நான் அவர்களுக்குச் சொல்லித்தந்ததில்லை. இப்போது கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்று எதன்மீதாவது மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் குழந்தையை உட்காரவைக்கத் துணியாத நாம், அதே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இந்த வேகத்தில் பயணம் செய்கிறோம். காரின் முன்பக்கம் நசுங்குவதும் பெல்ட் சற்றே நெகிழ்வதும் சேர்ந்து நம் உடல் நிற்பதற்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, 60 கிலோ எடையுள்ள ஒருவரை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த ஒரு டன் எடையைத் தாங்குமளவு விசை தேவைப்படும். 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் தாயின் கைகளில் 160 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் பிடியும், எத்தனை அன்பு இருந்தாலும், அதைத் தாங்காது.

அந்த ஒரு டன்னைத் தாங்கும்படி உருவாக்கப்பட்டதுதான் நாம் அற்பமாக ஒதுக்கித் தள்ளும் அந்த நாடா. தோளிலிருந்து மார்பின் குறுக்காக இறங்கி இடுப்பைச் சுற்றும் இன்றைய மும்முனை பெல்ட்டை 1959இல் சுவீடனின் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்தார். அதற்கு முன்பு அவர் போர் விமானங்களில் விமானியை இருக்கையோடு வெளியே வீசும் கருவிகளை உருவாக்கிக்கொண்டிருந்தவர். திடீர் விசையை மனித உடலின் எந்தெந்த எலும்புகள் தாங்கும் என்பதை நன்கு அறிந்தவர். காறை எலும்பு, விலாக்கூடு, இடுப்பெலும்பு ஆகிய வலுவான இடங்களில் விசையைப் பரப்பி, வயிற்றை விட்டுவைப்பதுதான் அவருடைய வடிவமைப்பின் சாரம். அதற்கான காப்புரிமையை வால்வோ தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் எல்லாக் கார் நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. மெதுவாக இழுத்தால் தாராளமாக வருவதும், வெடுக்கென்று இழுத்தால் அப்படியே இறுகிக்கொள்வதுமான சுருள் அமைப்பு பின்னாளில் சேர்ந்தது. என் மகளுக்கு ஐந்து வயதானபோது இதை அவள் கையாலேயே இழுத்துப் பார்க்கவைத்தேன். அதன்பிறகு பெல்ட் போடச் சொல்லி அவளிடம் நான் கெஞ்ச வேண்டியிருந்ததில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 1970இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் முதன்முதலாகக் கொண்டுவந்தது. பிரிட்டனில் இது தனிமனித உரிமையில் கைவைப்பது என்ற வாதம் நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்து, 1983 சனவரி இறுதியில்தான் முன்னிருக்கைகளுக்குக் கட்டாயமானது. அதுவரை பத்தில் நான்கு பேர் அளவுக்கே அணிந்துவந்த நாட்டில், சட்டம் வந்த சில வாரங்களிலேயே பத்தில் ஒன்பது பேர் அணியத் தொடங்கினார்கள். மனம் மாறிய பிறகுதான் பழக்கம் மாறும் என்று சொல்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே பழக்கம் முதலில் மாறியது, மனம் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆம் விதி, ஓட்டுநரும் முன்னிருக்கைப் பயணியும் மட்டுமன்றி, முன்னோக்கிய பின்னிருக்கைகளில் அமர்பவர்களும் பெல்ட் அணிய வேண்டும் என்றே சொல்கிறது. 2019 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 100 ரூபாயாக இருந்த அபராதத்தை 1,000 ரூபாயாக்கியது. ஆனால் பின்னிருக்கைக்கும் இந்த விதி உண்டு என்பது பெரும்பாலோருக்குத் தெரியவந்ததே 2022 செப்டம்பர் 4ஆம் தேதி டாட்டா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் கார் விபத்தில் இறந்தபோதுதான். விலை உயர்ந்த, பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற கார் அது. முன்னிருக்கைகளில் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு உயிர்பிழைத்தார்கள்; பின்னால் அமர்ந்திருந்த இருவரும் இறந்தார்கள். அவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. அந்த ஆண்டு முழுவதும் பெல்ட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள், 8,331 பேர் பயணிகள். ஏறக்குறையச் சரிபாதி. ஆனால் சோதனைக்கு நிற்பவர்களின் கண்ணும், சிக்னலில் படமெடுக்கும் கேமராவும் ஓட்டுநரையும் அவர் பக்கத்தில் இருப்பவரையும் தாண்டிப் பின்னால் போவது அரிது. சித்தப்பா பெல்ட் போட்டதும் சித்தி போடாததும் இதனால்தான். எந்த இருக்கையைச் சட்டம் பார்த்ததோ அந்த இருக்கை மட்டும் காப்பாற்றப்பட்டது.

“என் உயிர், என் விருப்பம், இதில் அரசுக்கு என்ன வேலை?” என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். தனியாகக் காரில் செல்பவர் இதைக் கேட்டால் அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஒப்புக்கொள்ளாவிட்டாலும். ஆனால் பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் அமர்பவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி இல்லை. விபத்தில் அவர் முன்னால் இருப்பவர்மீது வந்து விழும் பாரமாகிவிடுகிறார். ஜப்பானின் விபத்துத் தரவுகளை ஆராய்ந்து 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு கட்டுரை, பின்னிருக்கைப் பயணி பெல்ட் அணியாதபோது, பெல்ட் அணிந்த முன்னிருக்கைக்காரர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்வதைக் காட்டியது. சித்தப்பாவின் விலா எலும்புகளை நினைக்கும்போது இதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. தண்ணீரில் விழுந்தாலோ தீப்பிடித்தாலோ பெல்ட் நம்மைச் சிக்கவைத்துவிடாதா என்பது இன்னொரு கேள்வி. அப்படிப்பட்ட விபத்துகள் மிகக் குறைவு. அவற்றிலும், தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவரைவிட, நினைவோடு இருந்து சிவப்புப் பொத்தானை அழுத்தக்கூடியவருக்கே தப்பிக்க வழி உண்டு.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதே 194பி பிரிவின் இரண்டாம் பகுதி, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைக்கான தனி இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் செல்வதற்கும் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. இருந்தும் எங்கள் பள்ளி வாசலில் மாலை நேரத்தில் நின்றால், முன்னிருக்கையில் அப்பாவின் மடியில் குழந்தை அமர்ந்து செல்வதை நாள்தோறும் பார்க்கலாம். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரியும் ஏர்பேக், பெல்ட் அணிந்த பெரியவரின் உடலைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது; அதற்கும் பெரியவருக்கும் நடுவில் ஒரு குழந்தை இருக்கும் என்று கணக்கிட்டு அது செய்யப்படவில்லை. அந்த அப்பாக்களிடம் பேசத் தயங்கிய நாட்கள் உண்டு. இப்போது பேசிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் மறுநாள் குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துப் பெல்ட் போட்டு அழைத்து வருகிறார்கள்.

பட்டுப் புடவை கசங்கும் என்பது அம்மாவின் வயதுப் பெண்கள் சொல்லும் காரணம். மடிப்பை ஒருமுறை நீவிவிட்டு, கீழ்ப்பட்டையை வயிற்றின்மேல் படாமல் இடுப்பெலும்பின்மேல் தாழ்வாக இறக்கிப் போட்டால் கசங்குவது பெரிதாகத் தெரிவதில்லை. கருவுற்ற பெண்களும் வயிற்றுக்குக் கீழே இப்படித்தான் போட வேண்டும். பெல்ட் போடாமலேயே எச்சரிக்கை ஒலியை அடக்குவதற்காக லாக்கில் செருகும் வெறும் உலோக நாக்கு ஒன்றைக் கடைகளில் விற்கிறார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டு இவற்றை நீக்கச் செய்தது. ஒரு சில ரூபாய் லாபத்துக்காக அதைச் செய்து விற்பவர்மீது எனக்குள்ள கோபத்தை எழுத்தில் அடக்குவது கடினம்.

அன்று திண்டுக்கல் பயணத்தில் ஓட்டுநர் கடைசியில் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி, கவரில் இரண்டு கீறல் போட்டு இரண்டு லாக்குகளையும் வெளியே எடுத்துத் தந்தார். எழுந்து நின்று கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்து நன்றி சொன்னேன். ஊர் திரும்பிய வாரத்தில் எங்கள் சொந்தக் காரைச் சீட் கவர் தைக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் காரிலும் பின்பக்கத்து லாக் ஒன்று அரைகுறையாக மறைந்துதான் இருந்தது. கடைக்காரர் துளையைச் சுற்றி எலாஸ்டிக் வைத்துத் தைத்து, லாக் நிமிர்ந்து நிற்கும்படி பத்து நிமிடத்தில் செய்து கொடுத்தார். பழைய கார் என்பதால் பின்னால் நடு இருக்கைக்கு இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது யாரையும் உட்காரவைப்பதில்லை. ஐந்தாவதாக ஒருவர் வருவதாக இருந்தால் அவருக்குப் பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.