மாணவர் விசாவிலிருந்து இறக்குமதி நிறுவனம் வரை: ஜெர்மனியில் நல்லெண்ணெய் விற்ற அனுபவம்

உணவுத் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்க 2021-இல் ஜெர்மனிக்குக் கிளம்பியபோதே, படிப்பு முடிந்ததும் ஈரோட்டுப் பக்கத்துச் செக்கு நல்லெண்ணெயை அங்கே இறக்குமதி செய்து விற்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுச் செலவுக்கான 10,332 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட்டில் முன்கூட்டியே போட்டுக் காட்டிய பிறகே விசா கிடைத்தது; மாதம் 861 யூரோவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது என்பது அப்போதைய வரம்பு. 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்துவிட்டது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயமாகிவிட்டதால், இப்போது செல்வோர் எங்களைவிடச் சில மாதங்கள் முன்னதாகவே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

படிக்கும் காலத்தில் தொழில் தொடங்க வழியில்லை. குடியிருப்பு அட்டையுடன் தரும் பச்சை நிற இணைப்புத் தாளில், ஆண்டுக்கு 120 முழு நாள்கள் அல்லது 240 அரை நாள்கள் வேலை செய்யலாம் என்றும், அதற்கடுத்த வரியிலேயே சுயதொழில் செய்ய அனுமதியில்லை என்றும் அச்சிடப்பட்டிருந்தது. வேலை நாள்களின் வரம்பு பிறகு 140 ஆக உயர்ந்தது. சுயதொழில் செய்ய வேண்டுமென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி ஒப்புதல் வேண்டும் என்ற நிலை மட்டும் மாறவில்லை. பட்டம் பெற்றதும் வேலை தேடுவதற்காகத் தரப்படும் 18 மாத அனுமதியில் இந்தத் தடை இல்லை. அதற்குள் நிறுவனத்தைப் பதிவு செய்து, வியாபாரம் நடப்பதைக் காட்டி, குடியிருப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ் தொழில்முனைவோர் அனுமதிக்கு மாறிவிட வேண்டும் என்று திட்டமிட்டேன். ஜெர்மனியிலேயே பட்டம் பெற்றவர்களுக்கு இப்பிரிவு சற்றுத் தளர்வானது. தொழிலுக்கும் படித்த படிப்புக்கும் தொடர்பு இருந்தால் போதும் என்பதால், உணவுத் தொழில்நுட்பப் பட்டம் எனக்கு அங்கே கைகொடுத்தது.

ஜிஎம்பிஎச் எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனத்துக்கு 25,000 யூரோ மூலதனம் தேவை என்பதால், அதன் சிறிய வடிவமான, ஒரு யூரோவிலும் தொடங்கக்கூடிய யூஜி வகையைத் தேர்ந்தெடுத்தேன். நோட்டரி முன் கையெழுத்திட வேண்டிய பத்திரத்தை அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசித்தாக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அவர் வாசித்த வேகத்தில் பாதி புரியவில்லை. முந்தைய வாரமே வரைவை வாங்கிப் படித்து வைத்திருந்ததால் சமாளித்தேன். உண்மையான சிக்கல் வங்கியில்தான் வந்தது. மூலதனத்தைச் செலுத்திய சான்று இருந்தால்தான் வணிகப் பதிவேட்டில் பெயர் ஏறும்; ஆனால் சில மாதங்களே செல்லுபடியாகும் குடியிருப்பு அட்டையைப் பார்த்ததும் ஒரு வங்கி கணக்கு திறக்க மறுத்துவிட்டது, இன்னொன்று பதிலே அனுப்பவில்லை. வாடகை, காப்பீடு என்று செலவு ஓடிக்கொண்டிருக்க, அனுமதியின் நாள்களும் கரைந்துகொண்டிருந்தன. பதிவேட்டில் பெயர் ஏறிய உடனேயே அரசு முத்திரையைப் போன்ற சின்னத்துடன் கட்டணம் கேட்டு ஏராளமான கடிதங்கள் வரத் தொடங்கும். அவற்றில் பெரும்பாலானவை மோசடி. நீதிமன்றத்திலிருந்தும் நோட்டரியிடமிருந்தும் வருபவற்றைத் தவிர வேறெதற்கும் விசாரிக்காமல் பணம் கட்டக்கூடாது.

வரி எண், சுங்கத்துக்கான இயோரி எண், பொட்டலக் கழிவுக்கான லூசிட் பதிவு ஆகியவை பொறுமையைத்தான் கேட்டன. எண்ணெய்க்கு வருவோம்.

2020 செப்டம்பரில் இந்திய எள்ளில், கிருமிகளை அழிக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருளின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டு, ஐரோப்பா முழுவதும் கடைகளிலிருந்து பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. அதைத் தொடர்ந்து இந்திய எள் சரக்குகளில் பாதியைத் துறைமுகத்திலேயே சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. நான் கொண்டுவந்தது எண்ணெய்தான் என்றாலும், எந்தக் கடைக்காரரும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை இல்லாமல் பேச்சையே தொடங்கவில்லை. அந்தச் சோதனையில் தேறிய பிறகு, நான் எதிர்பாராத இன்னொன்று வந்தது. ஜெர்மன் வணிகர்கள் சமையல் எண்ணெயில் கனிம எண்ணெய், அதாவது பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெயின் எச்சத்தை மிகக் கூர்ந்து பார்க்கிறார்கள். எங்கள் மாதிரியில் அது இருந்தது. செக்கின் மசகு எண்ணெயைத்தான் முதலில் சந்தேகித்தோம். அதை உணவுத் தரத்துக்கு மாற்றியும் அளவு பெரிதாகக் குறையவில்லை. சணல் நாரை இளக்குவதற்காக ஆலைகளில் சேர்க்கப்படும் எண்ணெய் கோணிச் சாக்கிலிருந்து எள்ளில் ஏறுகிறது என்பது பிறகு தெரிந்தது. சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் எடுக்கும் எள்ளை உடனே வேறு பையில் மாற்றச் சொன்னபோது, “ஏங்க தம்பி, எண்ணெயைச் சாக்குலயா ஊத்தி அனுப்பறோம்?” என்று செக்கு உரிமையாளர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆய்வக அறிக்கையைக் கைப்பேசியில் காட்டிய பிறகே சம்மதித்தார். எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டும் வழக்கத்தையும் கலந்து பேசி, அதைச் சேர்மானப் பட்டியலில் எழுதிவிடுவதே பாதுகாப்பு என்று முடிவு செய்தோம். எள் ஒவ்வாமைப் பொருள் என்பதால் அச்சொல்லைத் தடித்த எழுத்தில், ஜெர்மன் மொழியில் அச்சிட வேண்டும். இறக்குமதியாளர் என்ற முறையில் என் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அதே சீட்டில் இருக்கும். ஐரோப்பாவுக்குள் ஏதேனும் கோளாறு என்றால் அதிகாரிகள் செக்கு உரிமையாளரைத் தேடிப் போவதில்லை, என்னிடம்தான் வருவார்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க்குக்கு முதல் சரக்கு கிளம்பிய 2024 தொடக்கத்தில், செங்கடலில் தாக்குதல்கள் நடந்ததால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. சரக்குக் கட்டணம் ஏறியது, பயணமும் நீண்டது. செக்குக்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கடைக்காரர்களோ சரக்கு கைக்கு வந்து 30 நாள் கழித்துத்தான் பணம் தருவார்கள். இடையிலுள்ள இந்த நீண்ட காலத்துக்குத் தேவைப்படும் பணத்தை யூஜியின் சிறிய மூலதனம் தாங்காது. அப்பா ஊரில் ஏற்பாடு செய்து அனுப்பிய தொகையைக் கொண்டுதான் அந்த மாதங்களை ஓட்டினேன். நிறுவனத்துக்கு அது கடன் என்பதற்கு ஒப்பந்தம் எழுதி, கணக்காளரிடம் ஒப்படைத்த பிறகே பயன்படுத்தினேன்.

21-ஆம் பிரிவுக்கான விண்ணப்பத்தில் தொழில் திட்டத்தைவிட வங்கி அறிக்கைகளையும், கடைகளின் எழுத்துபூர்வமான ஆர்டர்களையும், மருத்துவக் காப்பீட்டுச் சான்றையும்தான் அதிகாரி அதிக நேரம் புரட்டினார். அனுமதி கிடைத்தது, காலவரம்புடன். அடுத்த சரக்குக்கான ஒப்பந்தத்தில் சாக்கு, மசகு எண்ணெய் இரண்டையும் தனித்தனி நிபந்தனைகளாகச் சேர்த்திருக்கிறேன். இம்முறை மாதிரியை ஈரோட்டிலிருந்தே ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வந்த பிறகுதான் கப்பலில் ஏற்றுவோம்.