குனிந்து பார்த்து வாங்குங்கள்

"தம்பி, போட்டுட்டு ஒருக்கா குனிஞ்சு பாருங்க" என்றார் காத்தான்குடிக் கடை நானா.

குனிந்தேன். கழுத்தில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் நெக்பேண்ட் இயர்போன் ஒரு பக்கமாக வழுக்கி, பொத்தான் உள்ள முனை நெஞ்சில் வந்து தொங்கியது. பற்றரி முழுக்க அந்தப் பக்கம்தான் போல.

"இது சரிவராது" என்று எடுத்து வைத்துவிட்டார். பார்த்ததில் விலை கூடினது அதுதான்!

கடைக்குள் எல்லாமே நல்லாகத்தான் கேட்கும். கல்முனை பஸ்ஸில் யன்னலோரம் இருந்தால்தான் தெரியும். ரப்பர் முனை காதை ஒழுங்காக அடைக்காவிட்டால் முதலில் காணாமல் போவது பேஸ், அதாவது பாட்டின் அடித்தொனி. பெட்டியில் வரும் எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை.

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 (IPX4) என்று போட்டிருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். தூசிக்கு அதில் உத்தரவாதம் இல்லை. (கல்லடிக் கடற்கரை மணலுக்கு யார் பொறுப்பு?)

வயரே இல்லாத இயர்பட் வாங்கச் சொல்லி மச்சான் நச்சரிக்கிறான். பழைய கல்லடிப் பாலத்தில் நடந்தபடி பாட்டுக் கேட்கிறவனுக்கு அது எதற்கு? ஒன்று கழன்று வாவிக்குள் போனால் மிச்சப் பாட்டை மீன்தான் கேட்கும். நெக்பேண்ட் காதிலிருந்து கழன்றாலும் கழுத்தோடு கிடக்கும்.

கடைசியில் விலை குறைந்ததையே வாங்கினேன். வீதியில் மட்டும் ஒரு காது திறந்தே இருக்கும். பஸ்காரர் ஹோர்ன் அடிப்பது நமக்காகத்தானே.